குழந்தையை நிறுக்கும் படிக்கற்கள்: உடற்பருமன் அளவைகள் குறித்து ஒரு திறனாய்வு

'அளவை' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கடைத்தெருவில் அது படியும் முழக்கோலும் எடைக்கல்லும். தருக்க நூலோரிடத்தில் அது பிரமாணம், அதாவது ஒன்றை உண்மை என்று துணிவதற்கான வழி. மணிமேகலையில் சமயவாதிகள் பேசும் அளவை இந்த இரண்டாவது. தலைநகரில் நாற்பது வருஷமாகத் தராசு வியாபாரம் செய்யும் எனக்கு முதல் அளவை சோறு போடுகிறது. இரண்டாவது இரவில் படிக்கத் தூண்டுகிறது. குழந்தைகளின் உடற்பருமன் என்ற விஷயத்தில் இந்த இரண்டு அளவையும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

நம் சங்கத்து அன்பர்களுக்கு இது ஏட்டுச் சங்கதி அன்று. சென்ற ஆண்டு ஒரு முகாமில் பத்து வயதுப் பையன் ஒருவனை நிறுத்தார்கள். எடை 37.5 கிலோ, உயரம் 140 சென்டிமீட்டர். சீட்டில் 'அதிக எடை' என்று எழுதிக் கொடுத்தார்கள். அவன் தாயார் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, போன மாசம்தான் ஸ்கூல் கார்டுல 'நார்மல்'னு போட்டிருக்கு. ஒரு மாசத்துல என் புள்ள என்ன குண்டாயிட்டானா?" என்று கேட்டார். எடை ஏறவில்லை. தராசிலும் கோளாறு இல்லை, நானே சோதித்துப் பார்த்தேன். பள்ளிக்காரர் ஒரு படிக்கல்லில் நிறுத்தார். முகாம்காரர் வேறொரு படிக்கல்லில் நிறுத்தார். எந்தப் படிக்கல் என்று இரண்டு சீட்டிலும் எழுதவில்லை. அதற்குள் அந்த வீட்டில் பையனுக்கு இரவுச் சாப்பாடு பாதியாகிவிட்டது.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, அந்த உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்துக் கணித அறிஞர் கெட்லே கண்ட வாய்பாடு இது. 1972இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்கர் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். நம் பையனுக்கு இது 19.1 வருகிறது. பெரியவர்களுக்கு 25 தாண்டினால் அதிக எடை, 30 தாண்டினால் உடற்பருமன் என்பது உலகக் கணக்கு. குழந்தைக்கு அப்படி ஒரே எண் செல்லாது. கைக்குழந்தைப் பருவம் கழிந்ததும் இந்த எண் இறங்கிக்கொண்டே வந்து, ஐந்தாறு வயதில் அடிமட்டத்தைத் தொட்டு, மறுபடி ஏறும். ஆகவே ஒவ்வொரு வயதுக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே, ஒரு கோடு வேண்டியிருக்கிறது. அந்தக் கோட்டை யார், எந்தக் குழந்தைகளை வைத்து வரைந்தார்கள் என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு கிலோ என்றால் எங்கும் ஒரு கிலோ. பாரிஸ் அருகே செவ்ரில் வைத்திருந்த உலோகக் கட்டிதான் அதற்கு 2019 வரை மூலம். அந்த ஆண்டு மே மாதம் முதல் அதையும் விட்டுவிட்டு, இயற்கையின் மாறிலி ஒன்றைக் கொண்டு வரையறுத்துவிட்டார்கள். குழந்தையின் எடைக்கு அப்படி இயற்கை கொடுத்த மாறிலி கிடையாது. குழந்தைக்குப் படிக்கல் இன்னொரு குழந்தைதான். அந்த இன்னொரு குழந்தை யார்?

இங்கே அறிஞர்கள் செய்யும் ஒரு பாகுபாடு மிக முக்கியம். ஒரு ஊரில், ஒரு காலத்தில், குழந்தைகள் எப்படி இருந்தார்கள் என்று பதிவு செய்வது ஒப்பீட்டு அட்டவணை. குழந்தைகள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது தர அளவை. முன்னது செய்தி, பின்னது விதி. நடைமுறையில் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்குகிறார்கள். பாதிக் குழப்பம் அதில்தான் பிறக்கிறது.

தர அளவை என்று உண்மையாகச் சொல்லத்தக்கது, என் கருத்தில், ஒன்றே ஒன்றுதான். அது உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட, ஐந்து வயது வரைக்குமான அட்டவணை. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தார்கள். நம் நாட்டில் அளந்த இடம் வேறெங்கும் இல்லை, இதே தென் டில்லிதான். தாய்ப்பால் குடித்த, புகைபிடிக்காத தாய்க்குப் பிறந்த, வறுமை தடுக்காத குழந்தைகளாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். அதில் வந்த முடிவு என்னை மலைக்க வைத்தது. குழந்தைகளின் நீளத்தில் காணும் வேறுபாட்டில் ஊருக்கு ஊர் உள்ளது சுமார் 3 சதவீதம்தான். ஒரே ஊருக்குள் குழந்தைக்குக் குழந்தை உள்ளது 70 சதவீதம். வசதியும் பாலும் சரியாகக் கிடைத்தால் டில்லிக் குழந்தையும் ஆஸ்லோக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளரும் என்று இதற்குப் பொருள். 'நம்ம பிள்ளைங்க ஜாதியிலேயே சின்ன உருவம்' என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது சரியான பதில். 2008இல் நம் அரசும் அங்கன்வாடிகளுக்கு இதையே ஏற்றுக்கொண்டது.

ஐந்து வயது தாண்டியதும் கதை மாறுகிறது. உலக சுகாதார நிறுவனமே 5 முதல் 19 வயதுக்கு 2007இல் ஓர் அட்டவணை வெளியிட்டது. இதற்காக யாரையும் புதிதாக அளக்கவில்லை. 1977இன் பழைய அமெரிக்க அட்டவணைக்கு அடிப்படையான விவரங்களை எடுத்து, புதிய கணித முறையால் சீர்படுத்தி, 2006ஆம் ஆண்டு அட்டவணையோடு ஒட்டுப் போட்டார்கள். அந்த அமெரிக்கக் குழந்தைகள் 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் அளக்கப்பட்டவர்கள். இன்று நம் வீட்டுப் பத்து வயதுப் பிள்ளை ஒப்பிடப்படுவது நான் அரைக்கால்சட்டை போட்டுத் திரிந்த காலத்து அமெரிக்கச் சிறுவனோடு! கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அவர்கள் செய்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்கா இன்னும் பருக்கத் தொடங்கவில்லை.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சி.டி.சி.) 2000இல் அட்டவணை போட்டபோது இதே சிக்கலைச் சந்தித்தது. 1988-94 கணக்கெடுப்பில் குழந்தைகள் ஏற்கெனவே பருத்திருந்தார்கள். அவர்களையும் சேர்த்தால் நடுக்கோடு மேலே போய்விடும். ஆகவே ஆறு வயதுக்கு மேற்பட்டோரின் எடை விவரத்தை அந்தக் கணக்கெடுப்பிலிருந்து சேர்க்காமல் விட்டார்கள். ஊரே பருத்தால் பருமனே இயல்பாகிவிடும் என்ற அபாயம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் 'ஒப்பீட்டு அட்டவணை' என்று பெயர் வைத்துக்கொண்டு, பிடிக்காத குழந்தைகளை விலக்குவது என்ன வகை ஒப்பீடு? அது பாதித் தர அளவை. அதை வெளிப்படையாக ஒத்துக்கொண்டிருக்கலாம். நூறு குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, 85ஆவது இடத்துக்கு மேல் அதிக எடை, 95க்கு மேல் பருமன் என்பது அவர்கள் கணக்கு. 84 ஆரோக்கியம், 86 நோய் என்று எந்த மருத்துவச் சோதனையும் சொல்லவில்லை. வசதிக்காகக் கிழித்த கோடு அது.

மூன்றாவது படிக்கல், சர்வதேச உடற்பருமன் செயற்குழு (ஐ.ஓ.டி.எஃப்.) 2000இல் கொடுத்தது. கோல் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளரும் கூட்டாளிகளும் செய்தது. பிரேசில், பிரிட்டன், ஹாங்காங், நெதர்லாந்து, சிங்கப்பூர், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டு விவரங்களை எடுத்து, பதினெட்டு வயதில் 25ஐயும் 30ஐயும் தொடும் கோடுகளைப் பின்னோக்கி இழுத்தார்கள். சாமர்த்தியமான யோசனை. இந்தியா அதில் இல்லை என்ற குறையை ஒருபுறம் வைப்போம். பதினெட்டில் சரியான கோடு ஆறு வயதிலும் சரியாகவே இருக்கும் என்பதற்கு என்ன பிரமாணம்? அது ஊகம், நல்ல ஊகம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இப்போது நம் பையனைக் கொண்டுவந்து நிறுத்துங்க. பத்து வயது ஆணுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அதிக எடைக் கோடு 18.5. சி.டி.சி. கோடு சுமார் 19.4. ஐ.ஓ.டி.எஃப். கோடு 19.8. இவன் 19.1. ஒருவர் கணக்கில் அதிக எடை, மற்ற இருவர் கணக்கில் இயல்பு. பருமன் கோட்டில் இடைவெளி இன்னும் அகலம்: உலக சுகாதார நிறுவனத்தில் 21.4, ஐ.ஓ.டி.எஃப்.பில் 24.0. இதே உயரமுள்ள பையனுக்கு, முன்னதன்படி 42 கிலோவில் பருமன் என்ற பெயர் வரும், பின்னதன்படி 47 கிலோவில் வரும். ஐந்து கிலோ! என் கடையில் ஐந்து கிலோ பிசகினால் முத்திரை அதிகாரி பூட்டுப் போட்டுவிட்டுப் போவார்.

ஒரே நிறுவனத்துக்குள்ளேயும் ஒரு விநோதம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தில் ஐந்து வயதுக்குள் இரண்டு திட்ட விலக்கம் தாண்டினால்தான் அதிக எடை. ஐந்து முடிந்தபின் ஒன்று தாண்டினாலே அதிக எடை. 17.5 உள்ள பையன் ஐந்தாவது பிறந்தநாளுக்கு முன்பு 'கவனிக்க வேண்டியவன்', கேக் வெட்டி முடித்ததும் 'அதிக எடை'. சிறு குழந்தை இன்னும் உயரப் போகிறது, அவசரப்பட்டு யாரும் பட்டினி போட்டுவிடக் கூடாது என்று காரணம் சொல்கிறார்கள். கருணையான காரணம்தான். அந்தக் கருணை ஐந்து வயதோடு முடிந்துவிடுவது எனக்குப் புரியவில்லை.

இனி நம்மவர் அட்டவணை. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி (ஐ.ஏ.பி.) 2015இல், 5 முதல் 18 வயதுக்கு, பதினான்கு நகரங்களின் விவரங்களைக் கொண்டு வெளியிட்டது. அவற்றுள் சென்னையும் மதுரையும் உண்டு, டில்லியும் மும்பையும் உண்டு. 87,000 பேருக்கு மேல் திரட்டி, தகுதி பார்த்து, மிகப் பருத்தவர்களை விலக்கி, 33,148 பேரை வைத்துக் கோடு வரைந்தார்கள். பெரியவர்களுக்கு 25க்குப் பதில் 23, 30க்குப் பதில் 27 என்று வைத்து, அதற்குச் சமமான கோடுகளைக் குழந்தைக்குக் கொடுத்தார்கள். அதனால் இதன்படி எண்ணினால் அதிக எடைக் குழந்தைகள் பெரும்பாலும் கூடுதலாகவே வருவார்கள்.

ஏன் 23? புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் கண்டது இங்கே நினைக்கத்தக்கது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்டனில் 3.5. ஆனால் எடை குறைந்த அளவுக்கு நம் குழந்தைகளின் உடலில் கொழுப்பு குறையவில்லை, குறைந்தது தசை. 'மெலிந்த கொழுத்த குழந்தை' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் முன்னால். நம் குடும்பங்களில் இந்த வாகு யாருக்குத் தெரியாது? சர்க்கரை நோய் நம்மவரைக் குறைந்த எடையிலேயே பிடித்துக்கொள்கிறது. ஆகவே கோட்டைத் தாழ்த்தியதில் பொருள் உண்டு.

ஆனாலும் ஐ.ஏ.பி. அட்டவணையை விமரிசனம் இல்லாமல் ஏற்க முடியாது. நகரத்து நடுத்தர, மேல்தட்டுப் பிள்ளைகள்தான் அதில் உள்ளார்கள். பெரியவர்களின் நோய்க் கணக்கிலிருந்து வந்த 23ஐ ஆறு வயதுக்கு இறக்கியதற்கு, ஐ.ஓ.டி.எஃப்.பிடம் கேட்ட அதே கேள்வியை இவர்களிடமும் கேட்க வேண்டும். சுதேசி என்பதற்காகக் கேள்வியை மடித்து வைக்கலாகாது.

ஒரு பொருளைப் பல நயங்களால் நோக்கச் சொல்லும் மரபில் வந்தவன் நான். பல நயம் வேறு, பல தராசு வேறு. எந்த நயத்தில் பேசுகிறோம் என்று சொல்லிவிட்டுப் பேசுவது அந்த மரபின் முதல் ஒழுக்கம். நம் பத்திரிகைகளில் 'நகரக் குழந்தைகளிடம் பருமன் இரு மடங்கு' என்று வரும் தலைப்புகளில் அது இல்லை. பழைய ஆய்வு ஐ.ஓ.டி.எஃப்., புதிய ஆய்வு ஐ.ஏ.பி. என்றால், ஒரு குழந்தைகூடப் பருக்காமலேயே எண்ணிக்கை ஏறிவிடும். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டோரின் அதிக எடை 2015-16இல் 2.1 சதவீதம், 2019-21இல் 3.4 சதவீதம். இரண்டு முறையும் ஒரே படிக்கல், ஆகவே இந்த ஏற்றத்தைப் பொருட்படுத்தலாம். 2016-18இன் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயதுக்குள் அதிக எடை 5 சதவீதம், மெலிவு 24 சதவீதம். பருமனை மட்டும் பேசிக்கொண்டிருக்கும் நம் போன்ற பட்டணத்து ஆட்கள் இந்த இரண்டாவது எண்ணையும் பார்க்க வேண்டும்.

தராசுக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். முகாம்களில் எடையை ஐம்பது கிராம் வரை துல்லியமாகப் பார்க்கிறார்கள். உயரத்தையோ சுவரில் ஒட்டிய காகித நாடாவில், செருப்போடு நிறுத்தி, ஸ்கேலைச் சாய்த்து வைத்துப் பார்க்கிறார்கள். கணக்கில் உயரம் இரண்டு முறை வருகிறது. நம் பையனை 138 என்று அளந்தால் 19.7, 142 என்று அளந்தால் 18.6. அறிஞர்கள் இருபது வருஷமாகச் சண்டையிடும் இடைவெளியில் பெரும்பங்கு இந்தச் சுவரிலேயே போய்விட்டது, பாருங்க.

என் துணிபு இது. ஐந்து வயதுக்குள் 2006ஆம் ஆண்டுத் தர அளவை. அதற்கு மேல், நம் பிள்ளைகளை மருத்துவர் பார்க்கும் இடத்தில், ஐ.ஏ.பி. 2015, அதையும் எச்சரிக்கை மணியாகக் கொள்ள வேண்டும், தீர்ப்பாகக் கொள்ளலாகாது. நாட்டோடு நாட்டை ஒப்பிட வேண்டுமானால் உலக அட்டவணைகளில் ஒன்று, பெயரைச் சொல்லி. கூடவே இடுப்புச் சுற்றையும் அளந்து, அது உயரத்தில் பாதியைத் தாண்டுகிறதா என்று பார்த்தால், எடைக் கணக்கு கோட்டைவிடும் குச்சிக்கால் தொப்பைப் பிள்ளைகளும் அகப்படுவார்கள். ஒரே நாள் அளவைவிட ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த நாலைந்து அளவுகள் அதிகம் பேசும். பிள்ளை தன் கோட்டிலேயே போகிறதா, கோடு தாண்டி ஏறுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

அந்தத் தாயாரிடம் இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போகச் சொன்னேன். அவர் பையனின் இடுப்பை அளந்தார், முந்தைய இரண்டு வருஷப் பள்ளி அட்டைகளை வாங்கிப் பார்த்தார், சோற்றைக் குறைக்கச் சொல்லவில்லை; சாயங்கால பிஸ்கட்டையும் பாட்டில் பானத்தையும் நிறுத்தி, தினம் ஒரு மணி நேரம் விளையாட விடச் சொன்னார். அடுத்த முகாமுக்கான அட்டையை அச்சிடும்போது 'எந்த அட்டவணைப்படி' என்று ஒரு கட்டம் சேர்க்குமாறு நம் சங்கச் செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உயரம் அளக்கும் மரக்கோல் ஒன்றை என் செலவில் செய்து தருகிறேன்.