எழுத்தும் கணக்கும்: ட்ரொலப்பின் சுயசரிதையை முன்வைத்து ஒரு நோக்கு

எழுத்தாளன் எதற்காக எழுதுகிறான் என்னும் வினாவுக்கு எழுத்தாளர்கள் அளித்துள்ள விடைகள் பெரும்பாலும் கௌரவமானவை. சமுதாயத்தின் பொருட்டு, கலையின் பொருட்டு, உள்ளத்தின் நெருக்குதல் பொருட்டு என அவை அமையும். பணமும் பெயரும் அவ்விடைகளில் அரிதாகவே இடம்பெறும். இவ்வழக்கத்தை மீறிய நூல் என்ற வகையில் ஆங்கில நாவலாசிரியர் அன்ரனி ட்ரொலப்பின் (1815–1882) சுயசரிதை தனித்து நோக்கத்தக்கது. 1875, 1876 ஆம் ஆண்டுகளில் எழுதப்பெற்று, ஆசிரியர் மறைந்தபின் 1883 இல் வெளிவந்த அந்நூலின் இறுதிப் பகுதியில் ஒரு பட்டியல் காணப்படுகின்றது. ஒவ்வொரு நூலும் ஈட்டித் தந்த தொகை அதில் வரிசையாகக் குறிக்கப்பட்டுள்ளது. மொத்தம் 68,939 பவுண் 17 சிலிங் 5 பென்ஸ்.

எழுதும் முறையைப் பற்றியும் ட்ரொலப் இதே வெளிப்படையுடன் பேசுகிறார். தபால் திணைக்களத்தில் 1834 முதல் 1867 வரை உத்தியோகம் பார்த்த அவர், அதிகாலை 5.30 மணிக்கு எழுத்துமேசையில் அமர்ந்துவிடுவார். முதல் அரை மணி நேரம் முந்திய நாள் எழுதியதைப் படிப்பதிற் செல்லும். பின்னர் மணிக்கூட்டை முன்வைத்து, கால் மணிக்கு 250 சொற்கள் என்ற வேகத்தில் எழுதுவார். வாரந்தோறும் எழுதிய பக்கங்களைக் குறிக்க ஒரு நாட்குறிப்பும் இருந்தது. அகத்தூண்டல் வரட்டும் எனக் காத்திருக்கும் எழுத்தாளன், அதற்காகவே காத்திருக்கும் சப்பாத்துத் தொழிலாளியைப் போன்றவன் என்பது அவரது துணிபு. அவர் மறைந்தபின் அவரது புகழ் மங்கியமைக்கு இச்சுயசரிதையையும் ஒரு காரணமாகக் கூறுவது விமர்சகர் வழக்கு. கணக்கெழுதும் கை கலை படைக்குமா என்ற ஐயமே இதன் அடிநாதமாகும்.

இவ்வையத்தை ஆராய்வதற்கு முன்னர், எழுத்து என்பது அவருக்கு இளமையில் எவ்வாறு அறிமுகமாயிற்று என்பதை மனங்கொள்ளல் வேண்டும். தந்தையார் வழக்கறிஞர், தொழிலிலும் கமத்திலும் தோல்வியுற்றவர். 1834 இல் கடனுக்கு அஞ்சிக் குடும்பம் பெல்ஜியத்தின் புரூஜ் நகருக்குப் பெயர்ந்தது. ஐம்பது வயதைக் கடந்தபின் எழுதத் தொடங்கி, அமெரிக்கர் வாழ்க்கைமுறை பற்றிய நூலை 1832 இல் வெளியிட்டுப் பெயர்பெற்றிருந்த தாய் பிரான்சஸ் ட்ரொலப்பின் பேனாவே அக்குடும்பத்துக்குச் சோறிட்டது. காசநோயால் இறந்துகொண்டிருந்த மகனையும், நோயுற்றிருந்த கணவனையும் பராமரித்தவாறே அவர் நாவல்கள் எழுதினார். மருந்துப் புட்டிகளும் மைப்புட்டியும் அருகருகே இருந்த அவ்வறைகளை மகன் வியப்புடன் நினைவுகூர்கிறார். எழுத்தினாற் பெறும் பணத்தை இத்தகைய வீட்டில் வளர்ந்த ஒருவர் இழிவாகக் கருதியிருப்பின் அதுவே போலித்தனமாகும். பணத்தை மறைத்துப் பேசும் கௌரவம், பணம் ஏற்கெனவே உள்ளவர்க்கே எளிது.

ஆயினும் தேவையை எடுத்துக்காட்டுவதால் மட்டும் ஒரு படைப்பாளியை நியாயப்படுத்திவிட இயலாது. ட்ரொலப்பின் கணக்கு எங்கே நின்றது, எங்கே படைப்பினுள் நுழைந்தது என்பதே விமர்சனத்துக்குரிய வினா. எழுத்தாளன் எண்ணக்கூடியவை மூன்று: தன் உழைப்பு, தனக்குக் கிடைத்த ஊதியம், தன்னைப் படிப்போர் தொகை. முதலாவது அவன் கையிலுள்ளது. இரண்டாவது வேலை முடிந்தபின் வருவது. மூன்றாவதே ஆபத்தானது, ஏனெனில் அது அடுத்த வரி எவ்வாறு அமையவேண்டும் என்று கட்டளையிட வல்லது.

‘பார்செஸ்டர் டவர்ஸ்’ (1857) நாவலை மூன்று தொகுதிகளிலிருந்து இரண்டாகக் குறைக்குமாறு பிரசுரகர்த்தர் தரப்பிற் கோரப்பட்டபோது ட்ரொலப் மறுத்தார். அதற்கு முன் வெளியான ‘த வார்டன்’ (1855) அவருக்கு ஈட்டித் தந்தது மிகச் சொற்பம். பணத்தை விரும்பிய ஒருவர், பணம் மிகத் தேவைப்பட்ட காலத்தில் இவ்வாறு நின்றமை கருதத்தக்கது.

இதனினும் முக்கியமானது அவர் நடத்திய ஒரு பரீட்சை. ‘கோர்ன்ஹில்’ சஞ்சிகையில் 1860 இல் தொடங்கிய ‘பிரேம்லி பார்சனேஜ்’ தொடருக்கு அவர் பெற்றது 1,000 பவுண். அதன்பின் பெயரே நூலை விற்றது. வாசகர் வருவது எழுத்துக்காகவா, பெயருக்காகவா என்ற ஐயம் அவரைப் பற்றிக்கொண்டது. விடை காண்பதற்காக ‘நீனா பலட்கா’ (1867), ‘லிண்டா ட்ரெசல்’ (1868) என்னும் இரு நாவல்களைப் பெயரின்றி வெளியிட்டார். விமர்சகர் ஒருவர் நடையைக் கொண்டே ஆசிரியரை இனங்கண்டார். வாசகர் திரளோ வரவில்லை. அம்முயற்சியைத் தொடரப் பிரசுரகர்த்தரும் விரும்பவில்லை. தோல்வியான இப்பரீட்சையை ட்ரொலப் மறையாது பதிவு செய்கிறார். தன் வெற்றியின் எண்ணிக்கையைத் தானே சந்தேகித்த எழுத்தாளர் எத்துணைப் பேர்?

இச்சந்தேகமே ‘நாம் இப்பொழுது வாழும் முறை’ எனப் பொருள்படும் தலைப்புடைய நாவலில் (1875) பாத்திரமாக உருப்பெறுகின்றது. நாவலின் தொடக்கத்தில் கார்பரி சீமாட்டி தன் புதிய நூலைப் புகழ்ந்துரைக்குமாறு மூன்று பத்திரிகை ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதுகிறாள். நல்ல நூலை எழுதுவதினும், நல்லதெனப் பத்திரிகைகள் கூறும் நூலை எழுதுவதே அவள் நாட்டம். ஊதாரி மகனைத் தாங்கும் விதவை என்பதால், அவளிடத்திற் பிரான்சஸ் ட்ரொலப்பின் சாயலும் உண்டு. ஆசிரியர் அவளது வறுமையை எள்ளி நகையாடவில்லை. அவள் உழைப்பை விடுத்துக் கைதட்டலை எண்ணுவதையே சாடுகிறார்.

எனினும் ட்ரொலப் இக்குறையினின்று முற்றும் விடுபட்டவர் எனக் கூறுவது பொருந்தாது. கழகம் ஒன்றில், பழைய பாத்திரங்களே திரும்பத் திரும்ப வருவதாகவும் குறிப்பாகத் திருமதி பிரௌடி அலுப்பூட்டுவதாகவும் மதகுருமார் இருவர் பேசியதைக் கேட்ட அவர், அவளை ஒரு வாரத்துள் கொன்றுவிடுவதாக அவர்களிடமே கூறி, அவ்வாறே செய்தார். 1867 இல் நிறைவுற்ற பார்செற்றின் இறுதி வரலாற்றில் அம்மரணம் செம்மையாகவே அமைந்தது. ஆயின், அச்செயலுக்காகத் தாம் சிலவேளை வருந்தியதாகப் பின்னர் எழுதுகிறார். இரண்டு வாசகரின் அலுப்பே ஒரு பாத்திரத்தின் ஆயுளை முடிக்குமாயின், திரளின் எண்ணிக்கை என்ன செய்யாது? எழுதிய கணத்திலேயே படித்தோர் தொகை கண்முன் தோன்றும் இன்றைய சூழலில், இக்கேள்வி ட்ரொலப்பைக் காட்டிலும் இன்று எழுதுவோரையே நெருக்குகின்றது.

தமிழ்ப் புலமை மரபு இவ்விடயத்தில் தெளிவானதொரு அளவுகோலைத் தருகின்றது. பரிசில் வேண்டி நிற்பதைப் புறத்துறைகளுள் ஒன்றாகவே அது ஏற்றது. அதே மரபைச் சேர்ந்த பெருஞ்சித்திரனார், அதியமான் தம்மைக் காணாமலே அனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்தார். தாம் வணிகர் அல்லர் என்பது அவர் கூற்று. பொருள் பெறுதல் அவருக்கு இழுக்கன்று. புலமையை அறியாது தரப்படும் பொருளே இழுக்கு. பெயரை மறைத்து நாவல் வெளியிட்ட ட்ரொலப் தேடியதும், தம் எழுத்தைக் கண்டு தரும் பரிசிலையே. அப்பரிசில் கிட்டவில்லை என்பதையும் மறையாது எழுதிய காரணத்தால், அவரது கணக்குப் பட்டியல் நேர்மையின் ஆவணமாக நிற்கின்றது.