நவுன் – பெயர், வெர்ப் – வினை: ஒரு கலைச்சொல் நிகர்ப்பின் போதாமை

முன்னுரை

ஆங்கில இலக்கணத்தைத் தமிழ்வழிக் கற்பிக்கும் கையேடுகள் நவுன் என்பதைப் பெயர்ச்சொல் என்றும், வெர்ப் என்பதை வினைச்சொல் என்றும் பெயர்க்கின்றன. முன்னது பொருளின் பெயரையும் பின்னது செயலையும் குறிக்கும் என்பது அவை தரும் வழக்கமான விளக்கம். கலைச்சொற்கள் என்ற அளவில் இவை பொருத்தமானவையே. ஆனால், உடன்வரும் விளக்கம் ஆங்கிலத்திற்கும் போதாது. தமிழுக்கும் பொருந்தாது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

வரையறையின் அடிப்படை

தொல்காப்பியம் வினையைச் செயல் என்னும் பொருளால் வரையறுக்கவில்லை. வேற்றுமை ஏலாமையும் காலம் காட்டலுமே அதன் இலக்கணமாகக் கூறப்படுகின்றன. இதனால்தான் ‘இவன் நல்லன்’ என்பதில் எச்செயலும் இல்லாதபோதும் ‘நல்லன்’ குறிப்பு வினைமுற்றாகிறது. கிரேக்க மரபில் தயனீசியஸ் திராக்ஸ் பெயரால் வழங்கும் இலக்கணநூலும் வேற்றுமை ஏற்பதைப் பெயருக்கும், வேற்றுமையின்றிக் காலம், இடம், எண் ஆகியவற்றை ஏற்பதை வினைக்கும் உரிய இயல்புகளாகக் கூறுகிறது. வெவ்வேறு மரபைச் சார்ந்த இரு நூல்களும் சொல்லின் வடிவியல்பை அளவுகோலாகக் கொண்டிருப்பது கருதத்தக்கது.

இக்கால ஆங்கிலமோ பழைய வேற்றுமை ஈறுகளைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. ஆதலின், அங்குச் சொல்வகையை அறியத் தொடரில் அச்சொல் நிற்கும் இடம் இன்றியமையாததாகிறது. ‘தி வாட்டர்’ என்பதில் பெயராக நிற்கும் சொல்லே, ‘வாட்டர் தி பிளான்ட்ஸ்’ என்பதில் ஈறு எதுவும் பெறாமல் வினையாகிறது. தமிழில் ‘நீர்’ என்பது ‘நீரூற்று’ என வேறு வடிவம் கொண்டே அப்பொருளைத் தரும்.

கற்பித்தலில் எழும் இடர்கள்

முதலாவது, ‘அவர் ஆசிரியர்’ என்னும் தொடர் தமிழில் பெயர்ப்பயனிலையால் முற்றுப்பெறுகிறது. வெர்ப் என்பது செயலைக் குறிக்கும் எனக் கற்ற மாணவர், இங்குச் செயல் இல்லாமையால் ‘ஹி எ டீச்சர்’ என எழுதுவது இயல்பே. ‘இஸ்’ என்பது செயலைக் குறிக்காது. ஆயினும் காலம், இடம், எண் ஆகியவற்றைக் காட்டுவதால் அது வெர்ப் ஆகிறது.

இரண்டாவது, ‘மாணவர்கள் எழுதுகிறார்கள்’ என்பதில் எழுவாயும் பயனிலையும் ‘கள்’ ஈறு பெறுகின்றன. ஆங்கிலத்தில் ‘ஸ்’ ஈறு பெயரில் பன்மையையும், நிகழ்கால வினையில் படர்க்கை ஒருமையையும் காட்டுகிறது. இம்முரணை விளக்காவிடில் ‘ஸ்டூடன்ட்ஸ் ரைட்ஸ்’ என்னும் பிழை நேர்வது எளிது.

மூன்றாவது, ‘எழுதுதல்’, ‘எழுதுகிற’ எனத் தமிழில் தொழிற்பெயரும் பெயரெச்சமும் வடிவால் வேறுபடுகின்றன. ஆங்கிலத்தில் ‘ரைட்டிங்’ என்னும் ஒரே வடிவம் இரண்டிடத்தும் வரும். இங்கும் தொடரமைப்பே வகையைத் தெளிவிக்கும்.

முடிவுரை

எனவே, மாற்ற வேண்டியவை கலைச்சொற்கள் அல்ல; அவற்றுக்குத் தரப்படும் விளக்கங்களே. ‘தி’ என்பதை முன்னே ஏற்குமா, பன்மை ஈறு பெறுமா என்பன நவுனுக்கும், இறந்தகால வடிவம் கொள்ளுமா, எழுவாயோடு இயையுமா என்பன வெர்புக்கும் உரிய சோதனைகளாக அமையலாம். தமிழ் இலக்கண மரபு வடிவியல்பை நோக்கும் பயிற்சியை முன்பே அளித்துள்ளது. ஆங்கில வகுப்பறையில் அம்மரபின் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் ஆய்வுமுறையைக் கைவிடுவது தமிழ்வழிக் கற்பித்தலுக்கு இழப்பேயாகும்.