அலை எட்டியது, பெண்களுக்கு எட்டியதா?

மதுரைக்கு வடகிழக்கே, பெரியாற்றுக் கால்வாய் பாயும் சமவெளியில் இருக்கிறது மேலூர். இந்த வட்டாரத்துக் கிராமங்களுக்கு 2001-ஆம் ஆண்டில் கம்பியில்லா இணைய இணைப்பு வரத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி., அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகம், என்-லாக் நிறுவனம் முதலியவை சேர்ந்து நடத்திய 'சாரி' என்ற திட்டம் அது. அதன் பயன் யாரைச் சென்றடைந்தது என்பதை ஆராய்ந்து ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் என்னும் இருவர் 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொலைத்தொடர்பில் ஆண்-பெண் சமத்துவம் வேண்டும் என்போர் அவசியம் படிக்க வேண்டிய கட்டுரை. அதன் நிறையும் குறையும் என்ன?

முதலில் கருவியைப் பார்ப்போம். 'கார்டெக்ட்' என்ற அந்த முறை சென்னை ஐ.ஐ.டி.யின் பங்களிப்போடு உருவானது. மேலூரில் ஒரு கோபுரம். கிராமத்துக் கட்டடத்தின் மேல் ஒரு சிறு ஆன்டெனா. இரண்டுக்கும் இடையே குன்றோ கட்டடமோ குறுக்கிடக் கூடாது. அப்படியானால் வானொலி அலை சுமார் 10 கிலோமீட்டர் வரை எட்டும். ஒரே சமயத்தில் தொலைபேசியில் பேசலாம். விநாடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையத்தையும் பயன்படுத்தலாம். சமவெளிக்கு ஏற்ற, செலவு குறைந்த முறை. கிராம மையத்திலிருந்தே சான்றிதழுக்கு விண்ணப்பித்தார்கள். நோயுற்ற கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

ஆனால் அந்த மையங்களுக்கு வந்தவர்கள் யார்? பெரும்பாலும் இளைஞர்கள், ஆண்கள், படித்தவர்கள், ஓரளவு வசதி உள்ளவர்கள் என்கிறது ஆய்வு. ஊரில் ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வை இம்மையங்கள் நிலைநிறுத்திவிடக்கூடும் என்றும் அது எச்சரிக்கிறது. புதுமையைக் கண்டு மயங்காமல் இதை வெளிப்படையாகச் சொன்னதே கட்டுரையின் பெருஞ்சிறப்பு. பின்தங்கிய மக்களின் குடியிருப்புக்கு அருகில் மையம் அமைந்து, அவர்களிடையே ஊக்கம் தருவோரும் இருந்த இடங்களில் நிலைமை மாறியது என்பதையும் அது காட்டுகிறது.

குறை என்ன? இந்தச் சித்திரம் மையத்துக்கு வந்தவர்களைக் கணக்கெடுத்துத் தீட்டப்பட்டது. வராத பெண் ஏன் வரவில்லை என்பது இதிலிருந்து விளங்காது. வேலை ஓயவில்லையா, காசு இல்லையா, ஆண்கள் கூடும் கடைத்தெருவில் நுழையக் கூச்சமா? காரணம் தெரியாமல் பரிகாரம் தேட முடியுமா?

வங்காளதேசத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1997-இல் அங்கே கிராமின் வங்கியில் கடன் பெற்ற பெண்களிடமே கைத்தொலைபேசியைக் கொடுத்தார்கள். அவர்கள் அதை வைத்து ஊராருக்குத் தொலைபேசி வசதி அளித்துக் கூலி பெற்றார்கள். ஒரு பெண்ணின் வீட்டுக்குச் சென்று பேச மற்றப் பெண்கள் தயங்க வேண்டியதில்லை. அங்கே கருவியை யாரிடம் கொடுப்பது என்பதும் திட்டத்தின் ஓர் அங்கமாக இருந்தது.

இன்று செல்பேசி வந்துவிட்டதே, இது பழைய கதைதானே என்கிறீர்களா? 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். இந்தியாவில் எப்போதேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் ஆண்களில் 57.1 சதவீதம், பெண்களில் 33.3 சதவீதமே. கோபுரங்கள் பெருகியும் இடைவெளி மறையவில்லை.

ஆகவே, உங்கள் ஊருக்குப் புதிய தொடர்புத் திட்டம் எது வந்தாலும், அலை எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். மையம் எந்தத் தெருவில் அமையும், அதை நடத்தப்போவது யார், பெண்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்று மாதந்தோறும் கணக்கு வைக்கப்படுமா என்றும் கேளுங்கள்.