புயலை முடைந்த கூடை

துறைமுகத்தை அடுத்து வாழ்வோருக்கு 'எச்சரிக்கைக் கூண்டு' என்ற சொல் புதிதன்று. வானிலையாளர் காற்றின் வேகத்தையும் அழுத்தத்தையும் கணித்து ஒரு முடிவுக்கு வந்ததும், துறைமுகக் கம்பத்தில் கூம்பும் உருளையுமான கூண்டுகள் ஏற்றப்படுகின்றன. இரவு நேரமாயின் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். 1 முதல் 11 வரை அவற்றுக்கு எண் உண்டு. எழுத்தறியாத மீனவரும் கம்பத்தைக் கண்ட மாத்திரத்தில் செய்தியை உணர்ந்துகொள்வார். கருவியில் பிறந்த எண், கண்ணுக்குத் தெரியும் உருவமாகி, ஒரு மனிதரின் அன்றைய முடிவை மாற்றிவிடுகிறது.

அறிவியல் அளவுகளை இசையாகவும் சிற்பமாகவும் வடிக்கும் கலையொன்று மேலை நாடுகளில் வளர்ந்திருக்கிறது. அதைப் பற்றிச் சிந்திக்கும்போதெல்லாம் இக்கூண்டே நம் நினைவுக்கு வருகிறது. எண்ணுக்கு உருவம் தருவதில் இரண்டும் ஒன்றே. ஆயின், கூண்டை ஏற்றுபவர் அழகை நாடுவதில்லை, கலைஞர் நாடுகிறார். அழிவைக் குறிக்கும் எண் அழகாக மாறும்போது நாம் அந்த அழிவை நெருங்குகிறோமா, அல்லது அதை மறந்து இன்புறுகிறோமா? ஒலிப்பதிவுகள், நிழற்படங்கள், கலைஞர்கள் தந்துள்ள விளக்கங்கள் ஆகியவற்றின் துணையோடு, இக்கேள்வியை மூன்று படைப்பாளர்முன் வைத்துப் பார்ப்போம்.

இம்முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் டாட்ஜ், 1961ஆம் ஆண்டில் புவியின் காந்தப் புலத்தில் நேர்ந்த ஏற்ற இறக்கங்களைக் கணிப்பொறியின் உதவியால் சுரங்களாக்கி, 1970இல் ஓர் இசைப் படைப்பைத் தந்தார். மூன்று மணி நேரத்துக்கு ஓர் அளவாக ஓராண்டுக்கு 2,920 அளவுகள். அன்று அது அறிவியலின் மீது எழுந்த வியப்பாக இருந்தது. இன்று இத்தகைய படைப்புகளில் வியப்பைவிடக் கவலையே மிகுந்து ஒலிக்கிறது.

முதலில் ஒரு செல்லோ இசையைக் கேட்போம். செல்லோ என்பது வயலின் இனத்தைச் சேர்ந்த, தாழ்ந்த குரலுடைய நரம்புக் கருவி. மின்னசோட்டா பல்கலைக்கழக மாணவராயிருந்த டேனியல் க்ராஃபோர்ட், புவியியல் பேராசிரியர் ஸ்காட் செயின்ட் ஜார்ஜின் துணையுடன், 2013இல் நம் வெப்பமாகும் கோளைப் பற்றிய பாடல் ஒன்றை வெளியிட்டார். 1880 முதல் 2012 வரை ஆண்டுக்கு ஒரு சுரமாக 133 சுரங்கள். மிகக் குளிர்ந்த ஆண்டுக்குக் கருவியின் மிகத் தாழ்ந்த சுரம், ஏறத்தாழ 0.03 பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் சுரம் ஓர் அரைச்சுரம் உயர்கிறது. தொடக்கத்தில் தாழ்வதும் எழுவதுமாகத் தயங்கும் இசை, இறுதி ஆண்டுகளில் மேலேயே நின்று இறங்க மறுக்கிறது. கேட்பவர் நெஞ்சு பதைக்கத்தான் செய்கிறது. இந்நூற்றாண்டின் இறுதிக்குள் இன்னும் 1.8 பாகை வெப்பம் கூடுமானால், அதற்குரிய சுரங்கள் மனிதச் செவிக்கு எட்டா என்ற குறிப்புடன் அது முடிகிறது.

இங்கேதான் திறனாய்வாளர் சற்றுத் தயங்க வேண்டியிருக்கிறது. அச்சுரங்கள் செவிக்கு எட்டாமற்போவதற்குக் காரணம் வெப்பம் மட்டுந்தானா? 0.03 பாகைக்கு ஓர் அரைச்சுரம் என்ற கணக்கை வகுத்தவர் படைப்பாளரே. 0.1 பாகைக்கு ஓர் அரைச்சுரம் என்று வகுத்திருந்தால், அதே 1.8 பாகை பதினெட்டு அரைச்சுரங்களில் அடங்கியிருக்கும். செல்லோவே அதை வாசித்துக் காட்டியிருக்கும். ஆகவே நம்மை அச்சுறுத்தும் அம்மௌனத்தில் இயற்கையின் பங்கும் உண்டு, கலைஞரின் பங்கும் உண்டு. இதனைப் பொய் என்று நாம் சொல்லவில்லை. எந்த வரைபடத்துக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். அதைத் தேர்வது மனிதரே. இப்பாடலின் விதி மறைக்கப்படவுமில்லை. விதியை அறிந்தவரே இத்தகைய இசையை உள்ளபடி கேட்கிறார். அறியாதவர் கேட்பது ஒரு சோக இசையை மட்டுமே. எனவே இக்கலையில் விளக்கக் குறிப்பு என்பது, பாடலுக்குச் சொல் போலப் படைப்பின் உறுப்பாகவே அமைகிறது.

அடுத்து, அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் நகரிலுள்ள வடபுல அருங்காட்சியகத்தின் ஓர் அறை. இசையமைப்பாளர் ஜான் லூதர் ஆடம்ஸ் 2006இல் அதை அமைத்தார். ஆர்க்டிக் கடற்கரையில் இன்யூபியாட் மக்கள் வழங்கும் ஓர் இடப்பெயரின் பொருளையே அறைக்குச் சூட்டினார்: 'கேட்பதற்காக நீ செல்லும் இடம்.' அங்கே பாடகர் இல்லை, இசைக்கருவிகளும் இல்லை. நில அதிர்வுக் கருவிகள், காந்தப்புலக் கருவிகள், வானிலை நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து அவ்வப்போது வந்து சேரும் அளவுகள் ஒலியையும் ஒளியையும் இயக்குகின்றன. பகலவன் எழும்போது ஒலியின் நிறம் மாறுகிறது. நிலம் அதிரும்போது தரையடியிலிருந்து எழுவதுபோல் ஒரு முழக்கம். வடதுருவ ஒளி வானில் ஆடும்போது மேலிருந்து மணியோசை. இப்படைப்புக்குத் தொடக்கமுமில்லை, முடிவுமில்லை. இதே அறை அலாஸ்காவின் நீண்ட கோடைப் பகலில் ஒரு வகையாகவும், நீண்ட குளிர்கால இருளில் வேறு வகையாகவும் ஒலிக்கும்.

செல்லோ இசை சில நிமிடங்களில் நம்மை ஒரு முடிவுக்கு இட்டுச் செல்கிறது. ஆடம்ஸின் அறையோ நம்மை எங்கும் இட்டுச் செல்வதில்லை. அங்கே சென்றவர் காத்திருக்க வேண்டும். எதுவும் நிகழாமலும் போகலாம். கருத்தைத் திணிக்காத அடக்கம் இதன் சிறப்பு. நம்மைச் சுற்றி எப்போதும் நிகழ்ந்துகொண்டிருப்பவற்றுக்கு நம் செவி எவ்வளவு மூடிக் கிடக்கிறது என்பதை இது உணர்த்துகிறது. ஆயினும் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நில அதிர்வு அந்த அறையில் ஒரு முழக்கம். வெளியே அது ஒருவரின் வீடு இடிவதாகவும் இருக்கலாம். அறைக்குள் இவ்விரண்டையும் வேறுபடுத்த வழியில்லை. இயற்கை மகிழும் முகமும் சினக்கும் முகமும் அங்கே ஒரே அழகில் கரைந்துவிடுகின்றன.

இக்குறையைத் தம் கைகளால் தொட்டுப் பார்த்தவர் பாஸ்டன் நகரைச் சேர்ந்த நத்தாலி மீபாக். இவர் கூடை முடைபவர். பிரம்பு வார்களால் முதலில் எளிய கூடையொன்றை அமைத்து, நிற்கும் வாருக்கும் குறுக்கே ஓடும் வாருக்கும் நேரம், வெப்பநிலை, காற்றழுத்தம் என்று பொருள் வகுத்துக்கொள்கிறார். பின்னர் புயல் நாள்களின் அளவுகளை மணியாலும் வண்ணக் குச்சியாலும் அதன்மேல் முடைந்துகொண்டே செல்கிறார். அழகுக்கென்று ஒரு மணியும் சேர்ப்பதில்லை என்பது இவர் தமக்கு விதித்துக்கொண்ட நெறி. பிரம்புக்கு இயல்பாகவே ஒரு விறைப்பு உண்டு. அதை முற்றும் அடக்க இயலாது. ஆதலால் உருவத்தை முடிவு செய்வது தாமன்று, எண்களே என்கிறார். கூடை முடைந்து பழகிய எவரும் இதன் உண்மையை அறிவர். வளைக்கும் கைக்கு வார் ஓரளவே இணங்கும். 2007ஆம் ஆண்டின் நோயல் சூறாவளி முதலாகப் பல புயல்களை இவர் இசைக்குறிப்பாகவும் எழுதியுள்ளார். அவற்றை இசைக் கலைஞர் வாசிக்கும்போது அளவுகள் அவையேயாயினும் குரல் வேறாகிறது.

1991 அக்டோபர் இறுதியில் வட அட்லாண்டிக் கடலில் வீசிய கொடும் புயலையும் மீபாக் முடைந்திருக்கிறார். அப்புயலில் ஹாலிஃபாக்ஸ் நகருக்குத் தெற்கே கடலில் நின்ற மிதவைக் கருவி ஒன்று 30.7 மீட்டர் உயர அலையைப் பதிவு செய்தது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கிளஸ்டர் துறையிலிருந்து சென்றிருந்த 'ஆண்ட்ரியா கெயில்' என்ற மீன்பிடிப் படகு ஆறு பேருடன் மறைந்தது. மிதவை அலையை அளந்தது; அப்படகில் கடைசி நேரத்தில் நிகழ்ந்ததை எக்கருவியும் அளக்கவில்லை. காற்றுக்கும் அழுத்தத்துக்கும் அலைக்கும் எண் இருக்கிறது. அந்த ஆறு பேரின் அச்சத்துக்கு எண் இல்லை. மீபாக் 2011இல் அமைத்த ஒரு படைப்புக்கு அப்படகின் ஆவியுருக் குழுவினரையே பெயராகச் சூட்டினார். அளவுகளால் தர இயலாததைத் தலைப்பு தருகிறது. அத்தலைப்பைப் படித்தபின் ஒவ்வொரு மணியும் நமக்குக் கனக்கத் தொடங்குகிறது.

இவர் படைப்புகளிலும் ஓர் இடர் உண்டு. பளிச்சிடும் வண்ணங்களும் உருண்டைகளும் சக்கரங்களும் அவற்றுக்குக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளின் சாயலைத் தருகின்றன. தலைப்பைப் படிக்காமல் கடந்து செல்பவர் "என்ன அழகு!" என்று சொல்லிவிட்டுப் போகக்கூடும். ஆறு பேரின் மறைவு அவரைத் தொடாது. எனினும் எண்ணைத் திரிக்காத நேர்மையும், எண்ணுக்கு அப்பால் மனிதர் உண்டென்னும் நினைவும் ஒருங்கே கூடியிருப்பதால், மூவருள் இவரையே நாம் முதலில் வைப்போம். 2017இன் ஹார்வி, மரியா சூறாவளிகளை எடுத்துக்கொண்டபோதும், வானிலை அளவுகளோடு மக்கள் பட்ட அனுபவத்தையும் இவர் சேர்த்தே முடைந்தார். நேர்மை மட்டும் இருந்தால் அது அட்டவணையாக நின்றுவிடும். நினைவு மட்டும் இருந்தால் புலம்பலாகக் கரைந்துவிடும்.

மீண்டும் துறைமுகக் கம்பத்துக்கு வருவோம். கூண்டு புயலுக்கு முன்னே ஏறி, புயல் கடந்ததும் இறங்கிவிடும். மீபாக்கின் கூடை புயலுக்குப் பின்னே வந்தது. ஆண்ட்ரியா கெயிலின் ஒருவரையும் அதனால் மீட்க இயலவில்லை. இறங்கிய கூண்டை ஊர் மறந்துவிடும்; கூடையோ நிலைத்து நின்று, அளக்கப்படாமற்போனவர்களை நினைவூட்டுகிறது. கலையிடம் நாம் கேட்கக்கூடியது பெரும்பாலும் இவ்வளவுதான்.

ஆனால் செல்லோ இசை சொல்லும் புயல் இன்னும் கடந்துவிடவில்லை. அப்பாடல் 2012ஆம் ஆண்டுடன் நின்றது. அதன்பின் வந்த 2024, அதுவரை பதிவான ஆண்டுகளிலெல்லாம் மிக வெப்பமானது என்று கண்டறியப்பட்டது. யாரேனும் வில்லை எடுத்து அதே விதியின்படி தொடர்ந்து வாசித்தால், நாம் முன்பு கேட்ட இறுதிச் சுரங்கள் இப்போது தாழ்ந்தவையாகத் தோன்றும். அளவுகோலை வகுத்தவர் கலைஞராயிருக்கலாம். ஆண்டுதோறும் அதில் ஏறும் சுரத்தை எழுதுவதில் நம் அனைவரின் கையும் இருக்கிறது.