'வெள்ளை படுது' என்றால் இயந்திரம் என்ன எழுதும்?

நோயாளி பேசுவதைக் கேட்டு, சுருக்கி, மருத்துவக் குறிப்பாக எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு மருத்துவமனைகளுக்குள் வந்துகொண்டிருக்கிறது. டாக்டர் கணினியைத் தட்டிக்கொண்டிராமல் நோயாளியின் முகத்தைப் பார்க்கலாம் என்கிறார்கள். நல்ல நோக்கம்தான். காசிமேட்டுப் பெண்களை வைத்து இதை யோசித்துப் பார்க்கிறேன்.

விடியுமுன் ஏலத்துக்குப் போய், கூடை சுமந்து, தெருத்தெருவாக மீன் விற்கும் பெண் ஒருவர் ஓ.பி.க்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "வெள்ளை படுது டாக்டர், இடுப்பு கடுக்குது, ஒடம்பே அசதியா இருக்குது" என்கிறார். வெள்ளைப்படுதல், இடுப்புவலி, சோர்வு என்று இயந்திரம் பிழையில்லாமல் எழுதிவிடலாம். தொற்றுக்கு மாத்திரை எழுதப்படும். அவரும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் செய்து 2005இல் வெளியான ஆய்வு, இந்த முறையீட்டோடு வலுவாகத் தொடர்புகொண்டிருந்தது தொற்று அல்ல, மனத்துயரும் வாழ்க்கை நெருக்கடிகளுமே என்று கண்டது. வீட்டில் விழும் அடியை, வட்டிக்காரன் வாசலில் நிற்பதைச் சொல்ல முடியாதபோது வெள்ளைப்படுதலைச் சொல்ல முடிகிறது. அதற்காக, "எல்லாம் மனசுதாம்மா" என்று அனுப்பிவிடுவதும் அநியாயம். பெண்களின் வலியை அப்படித் தட்டிக்கழித்த வரலாறு நீளமானது. சோதிக்கவும் வேண்டும், கேட்கவும் வேண்டும்.

மாமியாரோ புருஷனோ பக்கத்தில் நின்றால் அதே பெண் "ஒண்ணுமில்ல" என்பார். குறிப்பில் 'வேறு தொந்தரவு இல்லை' என்று ஏறிவிடும். இதைவிட மோசமானதும் நடக்கலாம். விஸ்பர் என்ற பேச்சறி மென்பொருளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வில், சுமார் 1 விழுக்காடு ஒலிப்பதிவுகளில் யாருமே பேசாத வாக்கியங்களை அது இட்டுக்கட்டியிருந்தது. பேச்சற்ற இடைவெளி நீளும் பதிவுகளில் இந்த ஆபத்து கூடுதல். நம் பெண்கள் தயங்கி நிறுத்தும் இடம் அதுதானே?

இந்தியாவில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் மருத்துவர் நேரம் சுமார் 2 நிமிடம் என்று 2017இல் வெளியான உலகளாவிய ஆய்வுத் தொகுப்பு கூறியது. இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரம் அந்தப் பெண்ணுக்குப் போகுமா, வரிசையில் அடுத்தவரை வேகமாகக் கூப்பிடப் போகுமா? மருத்துவமனை நிர்வாகம் முடிவுசெய்ய வேண்டிய விஷயம் இது. எந்த மென்பொருளும் முடிவுசெய்யாது.

ஆகவே நான் கேட்பது சிலவே. கூட வந்தவரை வெளியே உட்காரவைத்து, அவரிடம் தனியாகப் பேசுங்கள். பதிவு செய்யலாமா என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றாலும் வைத்தியம் குறையக் கூடாது. அவர் சொன்ன சொற்களை அப்படியே குறிப்பில் வையுங்கள். எழுதியதைத் தமிழில் அவருக்கே வாசித்துக் காட்டி, "சரியா இருக்காம்மா?" என்று கேளுங்கள். இல்லை என்று அவர் சொன்னால் மாற்றி எழுதுங்கள்.