நிய்யத்தைத் தேடிய நீதிமன்றம்

தீர்ப்பு ஒன்றை வாசிப்பதும் நூல் ஒன்றை வாசிப்பது போன்றதே. கடைசி ஏட்டை மட்டும் புரட்டி, "நமக்குச் சாதகம்" என்றோ "பாதகம்" என்றோ கூறிவிடுதல் ஆய்வாகாது. எந்தச் சான்றை ஏற்றது, எதைக் கேளாமல் விட்டது என்பனவற்றையும் நோக்குதல் வேண்டும். போஸ்னியா தொடுத்த வழக்கில், செர்பியாவைக் குறித்து ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் 2007 பிப்ரவரி 26ஆம் நாள் அளித்த தீர்ப்பை அவ்வாறு வாசிக்க முற்படுகிறோம். ரோஹிங்கியா மக்களுக்காகவும் காஸா மக்களுக்காகவும் பின்னர் எழுந்த வழக்குகள் இத்தீர்ப்பின் நிழலிலேயே தொடங்கின. ஆதலின் இது பழங்கதை அன்று.

முதற்கண் சொல்லை நோக்குவோம். இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் கொல்லுதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையும் இணைத்து, 1944இல் 'ஜெனோசைட்' என்ற சொல்லைப் படைத்தவர் ராஃபேல் லெம்கின் என்னும் போலந்து நாட்டு யூதச் சட்ட அறிஞர். 1948 டிசம்பர் 9இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற உடன்படிக்கை அதற்குச் சட்ட வடிவம் தந்தது. தமிழில் இதனை 'இனப்படுகொலை' என்கிறோம். அரபியில் 'இபாதா ஜமாஇய்யா' என்பர். தமிழெழுத்தில் இது வணக்கத்தைக் குறிக்கும் இபாதத்தைப் போலத் தோன்றினும் வேர் வேறு. அது 'ஐன்' எழுத்தில் தொடங்குவது. இதுவோ அழிந்துபோதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. சூரத்துல் கஹ்ஃபில், தன் தோட்டத்துக்கு அழிவே இல்லையெனச் செருக்கிப் பேசியவன் வாயில் வருவதும் அவ்வினையே. தமிழ்ச்சொல் கொலையை முன்னிறுத்துகிறது. அரபுச்சொல் அழிப்பை முன்னிறுத்துகிறது. உடன்படிக்கைக்கு நெருங்கியது பின்னதே. ஏனெனில் அது எண்ணும் ஐந்து செயல்களில் கொலை ஒன்று மட்டுமே. உடலுக்கும் மனத்துக்கும் கடுந்தீங்கு இழைத்தல், வாழவொண்ணா நிலைமைகளைத் திணித்தல், பிறப்பைத் தடுத்தல், குழந்தைகளைப் பறித்து வேறு கூட்டத்தாரிடம் சேர்த்தல் ஆகியவை ஏனைய நான்கு. ஐந்துக்கும் பொதுவான நிபந்தனை, ஒரு கூட்டத்தாரை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் உள்நோக்கம். நம் வழக்கில் கூறின், நிய்யத்.

இனி வழக்கிற்கு வருவோம். 1993 மார்ச் 20இல் போஸ்னியா முறையிட்டது. இனப்படுகொலையைத் தடுக்க இயன்ற யாவும் செய்க என ஏப்ரல் 8இல் நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதே மாதம் 16இல் பாதுகாப்புச் சபை ஸ்ரெப்ரெனிட்சாவைப் 'பாதுகாப்புப் பகுதி' என அறிவித்தது. 1995 ஜூலை 11இல் தளபதி ம்லாடிச்சின் படை அந்நகரைக் கைப்பற்றியது. அடுத்த சில நாட்களில் ஏறத்தாழ 8,000 முஸ்லிம் ஆடவரும் சிறுவரும் கொல்லப்பட்டனர். ஆணையும் அறிவிப்பும் அவர்களைக் காக்கவில்லை.

பதினான்காம் ஆண்டில் வந்த தீர்ப்பு கூறியது இது: ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்தது இனப்படுகொலையே. ஆயினும் அதைச் செய்தது செர்பிய அரசு என்பது மெய்ப்பிக்கப்படவில்லை (13க்கு 2). அவ்வரசு உடந்தை என்பதும் மெய்ப்பிக்கப்படவில்லை (11க்கு 4). தடுக்கும் கடமையில் அது தவறியது (12க்கு 3). ம்லாடிச்சை ஒப்படைக்காமையும் குற்றமே. பொருளிழப்பீடு இல்லை. போஸ்னியாவின் பிற பகுதிகளில் நடந்த கொலைகளும் முகாம் கொடுமைகளும் மெய்யே. ஆயினும் அழிக்கும் நோக்கம் அங்கு மெய்ப்பிக்கப்படவில்லை.

நம் முதல் மறுப்பு இங்கே எழுகிறது. தொடர்ச்சியான செயல்களிலிருந்து நோக்கத்தை உய்த்துணர வேண்டுமாயின், அந்நோக்கமன்றி வேறெதனையும் அவை சுட்டலாகாது என்றது நீதிமன்றம். உள்ளத்தை எவரும் திறந்து பார்க்கவியலாது என்பதை நம் ஃபுகஹாக்களும் அறிந்தே இருந்தனர். ஆதலால் கொலையாளி எடுத்த கருவியையே அவனுடைய நாட்டத்தின் சான்றாகக் கொண்டனர். உறுப்புகளைப் பிளக்கும் ஆயுதத்தை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அளவாக்கினார்கள். பெரும்பாலும் உயிர்போக்கும் எதனையும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அளவாக்கினார்கள். 1579இல் எழுந்த பஞ்ஞா லூக்காவின் ஃபர்ஹாதிய்யா பள்ளிவாசல் 1993 மே மாதத்தில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. இதுவும் கருவியே அன்றோ? நிலத்தைக் கைப்பற்றுவதே நோக்கம் என்று விளக்கம் கூறலாம். நிலம் வேண்டும் என்பதும் அதன் மக்கள் வேண்டா என்பதும் ஓர் உள்ளத்தில் ஒருங்கே குடியிருக்கலாகாதா?

இரண்டாவது மறுப்பு இதனினும் கனமானது. பெல்கிரேடின் உயர் பாதுகாப்பு மன்றக் குறிப்பேடுகளில் சில பகுதிகள் கருமை பூசி மறைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் திறந்து காட்டச் செய்க என்று போஸ்னியா வேண்டியது; நீதிமன்றம் கட்டளையிடவில்லை. மாற்றுத் தீர்ப்புரைத்த துணைத்தலைவர், ஜோர்தான் நாட்டு நீதிபதி அல்கஸாவ்னா, இதனைக் கடிந்துரைத்தார். செல்வம் தொடர்பான வழக்கில் பிரதிவாதி சத்தியம் செய்ய மறுப்பதை 'நுகூல்' என்பர். அம்மறுப்பின் மீதே தீர்ப்பளிக்கலாம் என்பது ஹனஃபீ மத்ஹப். சத்தியத்தை வாதியிடம் திருப்ப வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். இரண்டிலும் மறுப்புக்கு ஒரு விளைவு உண்டு. ஹேக்கில் மறைப்புக்கு விளைவேதும் இல்லாது போயிற்று.

எனினும் நீதிமன்றத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பழி எவ்வளவு பெரிதோ சான்றும் அவ்வளவு உறுதியாயிருத்தல் வேண்டும். ஒழுக்கப் பழிக்கு நான்கு சாட்சிகளைக் கேட்கும் மார்க்கத்தார் நாம். இவ்விதியை இகழ்தல் நமக்குத் தகாது.

அரசியல் விளைவுகள் இருமுகமாயின. 2010 மார்ச்சில் செர்பிய நாடாளுமன்றம் ஸ்ரெப்ரெனிட்சாக் குற்றத்தைக் கண்டித்தது. ஆனால் இத்தீர்ப்பைச் சுட்டிவிட்டு, 'இனப்படுகொலை' என்ற சொல்லை மட்டும் தவிர்த்துக்கொண்டது. ம்லாடிச் 2011 மே மாதத்தில் பிடிபட்டான். 2021இல் அவனுடைய ஆயுள் தண்டனை உறுதியாயிற்று. 2024 மே 23இல் பொதுச்சபை ஜூலை 11ஐ நினைவுநாளாக அறிவித்தபோது, ஆதரித்தவை 84 நாடுகள், எதிர்த்தவை 19, வாக்களியாது ஒதுங்கியவை 68.

தடுக்கும் கடமை பற்றிய பகுதியே இத்தீர்ப்பின் உயிர்நிலை. பேரபாயம் உண்டெனத் தெரிந்த கணமே, அல்லது தெரிந்திருக்க வேண்டிய கணமே, அக்கடமை பிறக்கிறது. அதன் அளவு அவரவர் செல்வாக்கைப் பொறுத்தது என்றது நீதிமன்றம். மேற்கு ஆப்பிரிக்காவின் சிறுநாடான காம்பியா 2019 நவம்பரில் மியன்மார் மீது வழக்குத் தொடுத்தது. தனக்கு நேர்த்தீங்கு இல்லாவிடினும் வழக்காட அதற்கு உரிமை உண்டு என 2022 ஜூலையில் நீதிமன்றம் ஏற்றது.

ஈண்டு நம்மவர்க்கும் ஒன்று கூற வேண்டும். தென்னாப்பிரிக்காவின் வழக்கில் 2024 ஜனவரி 26இல் வந்தது இடைக்கால ஆணை. பாதுகாப்புக் கோரப்பட்ட உரிமைகளுள் சிலவேனும் ஏற்கத்தக்கவையாய்த் தோன்றுகின்றன என்றும், இன்னின்ன செய்க என்றும் அது கூறியது. இனப்படுகொலை நிகழ்ந்ததென அன்று தீர்ப்பு வரவில்லை. நம் மேடைகளில் சிலர் வந்துவிட்டதாகவே முழங்கினர். காஸாவின் துயரை எடுத்துரைக்க மிகைச்சொல் தேவையில்லை. சாட்சி ஒரு சொல்லைக் கூட்டிச் சொன்னால், மறுப்பவன் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஏனைய உண்மைகளையும் தள்ளிவிடுவான். பகை காரணமாகவும் நீதி பிறழாதீர் என்னும் திருமறையின் கட்டளை, நாம் தீங்குற்றோர் பக்கம் நிற்கும் வேளையிலும் நம்மைக் கட்டுப்படுத்துவதே.

தீமையைக் கையால், இயலாவிடில் நாவால், அதுவும் இயலாவிடில் உள்ளத்தால் வெறுத்துத் தடுக்க வேண்டும் என்ற நபிபோதனையை நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஆற்றலுக்கேற்ற கடமை என்னும் அப்பாடத்தை அரசுகளுக்கும் உரியதாக ஹேக் நீதிமன்றம் எழுதிவைத்தது. அதை உரிய காலத்தில் நிறைவேற்றுவோர் இல்லாமையால், ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 11இல் பொட்டொசாரி அடக்கத்தலத்தில் புதிதாய் அடையாளங் காணப்பட்டோரின் ஜனாஸாக்கள் கொண்டுவரப்பட்டன. தீர்ப்பின் ஏடுகளோடு அக்கபுறுகளையும் சேர்த்து வாசிப்பதே முழுமையான வாசிப்பாகும்.