அஞ்சாமை கடைசிப் பாடம்

மாவட்ட அளவிலான மாணவர் பேச்சுப் போட்டி ஒன்றுக்கு நீதிபதியாகச் சென்றிருந்தேன். தலைப்பு: நெகிழிப் பையைத் தவிர்ப்போம். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கணீரென்று தொடங்கினாள். ழகர, ளகர உச்சரிப்பில் குறையே இல்லை. இரண்டாவது நிமிடத்தில் ஒரு வாக்கியம் மறந்துபோயிற்று. “அவைத் தலைவர் அவர்களே” என்று மீண்டும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் மறுபடியும் நின்றாள். கண் கலங்க மேடையை விட்டு இறங்கினாள். “பயந்துட்டா, பாவம்” என்றார் பக்கத்தில் இருந்த ஆசிரியர்.

பயம்தான் காரணமா?

திருக்குறளின் பொருட்பாலில் அடுத்தடுத்து வரும் மூன்று அதிகாரங்களைப் பாருங்கள்: 71 குறிப்பறிதல், 72 அவையறிதல், 73 அவையஞ்சாமை. இவை அமைச்சருக்குச் சொல்லப்பட்டவை என்றாலும் வரிசை நமக்கும் பாடம்தான். முகம் பார்த்து மனத்தைப் படிப்பது முதலில். எதிரில் இருப்போர் யார், அவர்களுக்கு எப்படிச் சொன்னால் எட்டும் என்று அறிவது அடுத்து. அஞ்சாமை கடைசியில். அங்கேயும் ‘தைரியமா பேசு’ என்ற வெறும் அறிவுரை இல்லை. அவையில் அஞ்சாமல் மறுமொழி சொல்வதற்காகவே முறையாகக் கற்க வேண்டும் என்கிறது 725ஆம் குறள். கற்க வேண்டியது அளவை நூல், அதாவது தருக்கம், என்று பரிமேலழகர் உரை கூறுகிறது.

நாம் தலைகீழாகச் செய்கிறோம். உரையை ஆசிரியரே எழுதுகிறோம். வரிக்கு வரி கை அசைவும் சொல்லிக் கொடுக்கிறோம். பிறகு, “பயப்படாம பேசு, யாரையும் பார்க்காத, பின் சுவரைப் பாரு” என்கிறோம். அவையை அறியவே விடாமல் அவைக்கு அஞ்சாதே என்றால் பிள்ளை என்ன செய்யும்?

மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் தமிழ் அதிகம் பேசாத பிள்ளைக்கு அது நல்ல சொற்களையும் வாக்கிய ஓசையையும் தருகிறது. ஆனால் அது தொடக்கப் பயிற்சி. அதையே பேச்சாற்றல் என்று நாம் மதிப்பெண் போடுவதுதான் தவறு.

வகுப்பில் மூன்றைச் செய்து பார்க்கலாம். ஒன்று, தாளை எடுக்கும் முன் தலைப்பைப் பற்றி மாணவரைக் கதையாகப் பேச விடுங்கள். இரண்டு, முழு உரைக்குப் பதில் தொடக்க வரி, முடிவு வரி, நடுவில் நான்கு குறிப்புச் சொற்கள் மட்டும் கொடுங்கள். மூன்று, கேட்கும் மாணவர்களுக்குப் புரியவில்லை என்றால் கையை உயர்த்தட்டும். பேசுபவர் அதையே வேறு சொற்களில் சொல்லட்டும். இதில் குறிப்பறிதலும் அவையறிதலும் தாமாகவே வந்துவிடும்.

போட்டி முடிந்ததும் அந்த மாணவியைச் சிற்றுண்டிச் சாலையில் பார்த்தேன். “நெகிழிப் பையைப் பத்தி நீ என்னம்மா நினைக்கிற?” என்று கேட்டேன். சற்று யோசித்தாள். “எங்க பாட்டி பசார் மாலாம்ல வடை விக்கிறாங்க டீச்சர். பை குடுக்கலனா ஆளுங்க பக்கத்துக் கடைக்குப் போயிடுறாங்க. அப்ப பாட்டி என்ன பண்ணுவாங்க?” என்றாள். பக்கத்து மேசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன், “அப்ப டப்பா கொண்டு வரச் சொல்லணும்” என்றான். அவள் விடாமல் பதில் சொன்னாள்.

அவள் மனப்பாடம் செய்த உரையில் பாட்டியும் இல்லை, வடையும் இல்லை. அடுத்த போட்டிக்கு உரை எழுத உட்காரும் முன், பிள்ளையிடம் ஒரு கேள்வியாவது கேட்போமே!